கட்டிங் பிளேயருக்கு ஒரு கம்பெனி, ஸ்பேனருக்கு வேறொன்று

முழு செட் வாங்காதீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் என்னிடம் ஃபிட்டர் படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள், முதல் சம்பளம் கைக்கு வந்ததும், "டீச்சர், எந்தக் கம்பெனி டூல் செட் நல்லது?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதில்தான். கட்டிங் பிளேயரில் பேர் வாங்கிய கம்பெனி ஸ்பேனரில் சுமாராக இருக்கும். ஸ்பேனரில் கெட்டிக்காரக் கம்பெனியின் திருப்புளி நாலு திருகு கழற்றுவதற்குள் முனை மழுங்கும். நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் பளபளவென்று அடுக்கி விற்கிறார்களே, அதில் நீங்கள் தினமும் தொடப்போவது பத்துப் பன்னிரண்டுதான். அந்தப் பத்தையும் தனித்தனியாக, கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

நான் எழுதுவது கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்காக. கோவையில் பல வருடம் புதிது போலவே இருக்கும் ஸ்பேனர் இங்கே இரண்டு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிடும். காற்றிலேயே உப்பு இருக்கிறது. அதனால் வெளியூர்க்காரர்கள் சொல்லும் தரவரிசை நமக்கு அப்படியே பொருந்தாது.

என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை இப்போது இல்லை. அவருடைய கருவிகளில் பாதி என்னிடம் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அப்பாவின் பஜாஜ் சேத்தக், நான் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, தம்பி கொண்டுவந்து நிறுத்திய 1970களின் புல்லட் ஆகிய மூன்றும் நிற்கின்றன. இத்தாலி வழி வந்தது ஒன்று, ஜப்பான் வழி வந்தது ஒன்று, இங்கிலாந்து வழி வந்தது ஒன்று. மூன்றுக்கும் மூன்று விதமான போல்ட் தலைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றோடு மல்லுக்கட்டித்தான் கருவிகளைப் பற்றி எனக்கென்று ஓர் எண்ணம் உருவாயிற்று.

கட்டிங் பிளேயரில் எனக்குச் சந்தேகமே இல்லை, டபாரியா. சுவீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டோடு 1969இல் கைக்கருவி செய்யத் தொடங்கியவர்கள், தொழிற்சாலை நாசிக்கில். எலக்ட்ரீஷியன் பையிலும் டிவி மெக்கானிக் மேசையிலும் பஸ் டிப்போவிலும் இதே பிளேயரைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் வைத்திருப்பது மலிவு என்பதால் மட்டும் அல்ல. கம்பி வெட்டும் விளிம்பைத் தனியாகச் சூடேற்றிக் கடினப்படுத்தியிருப்பார்கள். செம்புக் கம்பியை மட்டும் வெட்டினால் அது எளிதில் பல் போகாது. ஆக்சிலரேட்டர் கேபிளின் எஃகு இழையை வெட்டினால் எந்தக் கம்பெனி பிளேயரும் பல் போகும்; அதற்குக் கேபிள் கட்டர் தனியாக வேண்டும்.

கடைக்காரர் எப்போதும் 8 அங்குலத்தைத்தான் எடுத்து நீட்டுவார். என் கை சிறியது. 8 அங்குலப் பிளேயரை முழுதாகத் திறந்தால் என் விரல் நுனிதான் மறுபக்கக் கைப்பிடியைத் தொடும். இறுக்கும் பலம் அங்கே வராது. 6 அங்குலம் எனக்குச் சரியாக அமைகிறது. என்னிடம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரமே சொல்லிவிடுவேன். ஆண்களின் கையளவுக்குச் செய்த கருவியைப் பிடித்துக்கொண்டு தனக்குப் பலம் போதவில்லை என்று ஒரு பெண் நினைத்துவிடக் கூடாது. வாங்கும்போது பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனியில் வெளிச்சம் கசியக் கூடாது. ஒரு கைப்பிடியைப் பிடித்து மற்றதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே பெட்டியில் வந்த பத்துப் பிளேயர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

கையில் பணம் இருந்தால் பிளேயரில் ஜெர்மனியின் க்னிபெக்ஸ் வரை போகலாம். வுப்பர்டால் ஊரில் 1882 முதல் ஒரே குடும்பம் நடத்தும் கம்பெனி. பொத்தானை அழுத்தி வாயளவை மாற்றும் அவர்களுடைய கோப்ரா வகை, குழாயைக் கவ்வினால் கையை எடுத்தாலும் பிடியை விடாது. என் மாணவி ஒருத்தி குழாய் வேலை ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, அவரிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கிவந்து காட்டினாள். திருப்பித் தரவே மனம் வரவில்லை. வீட்டு வேலைக்கு அந்த விலை அதிகம். தினமும் குழாய் மாட்டுகிறவருக்கு நியாயமான விலை.

திருப்புளிதான் நான் அதிகம் பேச விரும்புவது. வீட்டில் வண்டியைப் பிரிக்கிறவர்களில் பலர் திருகுத் தலையைக் கெடுப்பது இங்கேதான். ஆர்எக்ஸ் 100இன் இன்ஜின் பக்க மூடியைப் பாருங்கள், கூட்டல் குறித் தலையுள்ள திருகுகள். நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் திருப்புளி அமெரிக்கக்காரர் ஹென்றி பிலிப்ஸின் பெயரால் 1930களில் பரவிய வடிவத்தில் இருக்கும். ஜப்பான் வண்டித் திருகின் குழியோ ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் பிலிப்ஸ் முனை ஜப்பான் குழியின் அடிவரை போய் உட்காராது. இறுகிப்போன திருகில் பலம் கொடுத்தால் முனை மேலேறித் துள்ளும். துள்ளும்போது குழியின் ஓரத்தைச் சீவிக்கொண்டு வரும். இரண்டு தடவை துள்ளினால் அந்தத் திருகு உளிக்கும் சுத்தியலுக்கும்தான். பழைய ஆர்எக்ஸ் வண்டிகளில் மூடித் திருகுகள் எல்லாம் உளி பட்டு நசுங்கிக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மெக்கானிக்கின் கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதற்கு என் சிபாரிசு வெசல். ஜப்பானின் ஒசாகாவில் 1916இல் தொடங்கிய கம்பெனி. திருப்புளிதான் அவர்களின் முதன்மைத் தொழில். முனை, திருகுக் குழியில் போய் உட்காரும்போது கையிலேயே தெரியும். செங்குத்தாக நிறுத்திக் கையை விட்டால்கூட நிற்கும். தலையில் சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் சாய்வுத் தடம் அடியைக் கொஞ்சம் சுழற்சியாக மாற்றும் வகையும் அவர்களிடம் உண்டு. மூடித் திருகுகளுக்கு அதுதான் மருந்து. கடலூர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை, தபாலில் வரவழைத்தேன். மற்றபடி வீட்டு மின்சார வேலைக்கும் நேர்த் தலைத் திருகுக்கும் டபாரியாவின் ஊடுருவித் தெரியும் கைப்பிடித் திருப்புளியே போதும். கைப்பிடி வழவழப்பாக இருப்பதால் எண்ணெய்க் கையில் கொஞ்சம் நழுவும். ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஸ்பேனர். அப்பாவின் பெட்டியில் இருந்தவை கெடோர் இந்தியா. ஜலானி என்று சொன்னால்தான் பழைய மெக்கானிக்குகளுக்குப் புரியும். ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் டோவிடாட் சகோதரர்கள் 1919இல் தொடங்கிய கெடோரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கருவி செய்தவர்களின் பெயர் அது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பட்டறையின் கூரைத் தகடுகள் பறந்து, கருவிப் பெட்டி மழைநீரில் ஊறிக் கிடந்தது. மின்சாரம் திரும்பி, ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தபோது ஜலானி ஸ்பேனர்களில் மேல்துரு மட்டும் போயிற்று, வாயளவு கெடவில்லை. அதே பெட்டியில் கிடந்த பெயர் தெரியாத சில ஸ்பேனர்களில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்தது. உரிந்த ஸ்பேனர் கையைக் கிழிக்கும். அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

ஏன் இப்படி? பளபளப்பைத் தருவது குரோம் பூச்சு; அது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மெல்லிய படலம். துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். நிக்கலைத் தடிமனாகப் போட்டால் செலவு கூடும். குறைத்துப் போட்டாலும் கடையில் பளபளப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக உப்பு இறங்கி, அடியில் இருக்கும் எஃகைத் தின்ன ஆரம்பிக்கிறது. அதனால் கடையில் ஸ்பேனரின் நடுத்தண்டைப் பார்க்காதீர்கள். வாயின் உள்மூலையைப் பாருங்கள். பூச்சு அங்கே மங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் வளையமும் திறந்த வாயும் சேர்ந்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய போல்டை வளையத்தால் அசைத்துவிட்டு, திறந்த வாயால் வேகமாகக் கழற்றலாம். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029 என்று இந்தியத் தரநிலைகள் உண்டு. உறையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். உறையை மட்டும் நம்ப வேண்டாம். நான் கைப்பையில் எப்போதும் 10 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு போல்டும் 13 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு போல்டும் வைத்திருப்பேன். புது போல்ட், தலை கெடாதது. கடையில் ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் முதலில் விசித்திரமாகப் பார்த்தார்கள்; இப்போது லாரன்ஸ் ரோடு பக்கம் ஒருவர் தானே ஒரு போல்டை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

எந்த அளவுகள்? வண்டியைப் பொறுத்தது. இரட்டை வாய் ஸ்பேனர் செட் 6-7, 8-9, 10-11, 12-13 என்று ஜோடி ஜோடியாக வரும். ஜப்பான் வண்டிக்காரருக்கு 8, 10, 12, 14, 17 இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்தது. சேத்தக்குக்கு 11தான் உயிர். வெஸ்பா வழியில் வந்த வண்டி என்பதால் 7 மில்லிமீட்டர் மரைத் திருகுகளும் அவற்றின் மேல் 11 தலை நட்டுகளும் அதில் உண்டு. செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தொடாத அளவு அது. எனக்கோ நல்ல 11 ரிங் ஸ்பேனர் ஒன்றுக்குப் பதில் இரண்டு தேவைப்படுகிறது.

புல்லட் கதை வேறு. திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய தொழிற்சாலை இங்கிலாந்து வரைபடங்களைக் கொண்டே வண்டி செய்தது. பழைய புல்லட்டின் போல்ட் தலைகளில் பல விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அங்குல அளவு. அந்த ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருந்தால் அது போல்டின் விட்டம், தலையின் அகலம் அல்ல. அகலம் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர் வரும். 13 நுழையாது, 14 லொடலொடக்கும். லொடலொடக்கும் ஸ்பேனரைக் கொண்டு முறுக்கித்தான் பழைய புல்லட்டுகளின் நட்டுகள் உருண்டையாகிக் கிடக்கின்றன. தம்பியிடம் சண்டை போட்டு விட்வொர்த் ஸ்பேனர் தேட வைத்தேன். பர்மிங்காமின் கிங் டிக் கம்பெனி பழைய சரக்கு, மெல்லிய தாடை, உள்ளங்கையில் உறுத்தாத தண்டு. அதைப் பிடித்த பிறகு மெட்ரிக் ஸ்பேனரைப் புல்லட் பக்கம் அவன் கொண்டு போவதில்லை.

பழைய சரக்கு தேட புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். மகாத்மா காந்தி வீதியில் துணிக்கடைகளுக்கு நடுவே தரையில் சாக்கு விரித்துப் பழைய கருவிகள் விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். அங்கே ஃபாகோம் என்று பொறித்த ஸ்பேனர் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள். 1918இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி. பிரான்சில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் இங்கே நிறைய. அவர்களோடு பெட்டியில் வந்த கருவிகள், வீட்டில் யாரும் பயன்படுத்தாமல் கடைசியில் சந்தைக்கு வருகின்றன. தண்டு நீளம், எடை குறைவு, வாய் அளவு கச்சிதம். என்னிடம் இருக்கும் ஒரே ஃபாகோம் 12-13 ரிங். விலையைச் சொன்னால் அதை விற்ற பெரியவருக்கு நான் குறைத்துக் கொடுத்தேன் என்று தோன்றும். அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தேன்.

ஸ்னாப்-ஆன் பற்றிக் கேட்பார்கள். அமெரிக்காவில் 1920இல், ஐந்து கைப்பிடிகளில் பத்து சாக்கெட்டுகளை (நட்டின் மேல் கவிழும் குழல் வடிவத் தலைகளை) மாற்றி மாற்றி மாட்டலாம் என்ற யோசனையோடு தொடங்கியது. வேனில் பட்டறை பட்டறையாகப் போய்த் தவணைக்கு விற்று வளர்ந்தது. நட்டின் மூலையைத் தொடாமல் பக்கத்தில் அழுத்தும் உள்வடிவத்தை 1960களில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். இன்று அந்த வடிவத்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. தேய்ந்த நட்டைக் கழற்ற அது பெரிய உதவி. வேலை கொடுக்கும் கம்பெனி வாங்கித் தந்தால் சந்தோஷமாகப் பயன்படுத்துங்கள். சொந்தக் காசில் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சாக்கெட் செட்டில் ஒரு கசப்பு உண்டு. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெரிய பெட்டி, வாழ்நாள் உத்தரவாதம் என்று அச்சிட்ட அட்டை. சேத்தக்கின் பின்சக்கர நட்டைக் கழற்றும்போது ராட்செட்டின் (ஒரு பக்கம் மட்டும் முறுக்கும் பற்சக்கரக் கைப்பிடியின்) உட்பல் வழுக்கி, கை நேராக இன்ஜின் மூடியில் போய் இடித்தது. விரல் முட்டி வீங்கிப் பல நாள் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அட்டையில் இருந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. உத்தரவாதம் என்பது எழுதிய அட்டையில் இல்லை, மாற்றித் தரும் கடையில் இருக்கிறது. ராட்செட் வாங்கும்போது காதருகே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு பல்லும் ஒரே சீராக ஒலிக்க வேண்டும். பைக் வேலைக்கு, சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை அங்குலம் உள்ள செட் தேவைக்கு மேல் பெரிது. 3/8 அங்குலம் வாங்குங்கள். சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை மாட்டுவதற்கு எளிது, துருப்பிடித்த நட்டில் வழுக்கும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அப்பாவின் நண்பர் மகன். அவரிடம் நான் கம்பெனி கம்பெனியாகப் பேசியபோது, "தங்கச்சி, என் ஸ்பேனர் துருப்பிடிப்பதற்கு முன்னால் தண்ணீரில் விழுந்துவிடும்" என்றார். அவருடைய ஸ்பேனர்கள் ஒவ்வொன்றிலும் நைலான் வலைக்கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனை இடுப்பில். கருவிகளை டீசலும் பழைய கியர் ஆயிலும் கலந்த டப்பாவில் நிறுத்தி வைத்திருக்கிறார். வேலைக்கு எடுக்கும்போது துடைத்துக்கொள்கிறார். அவர் பெட்டியில் பெயர் பெற்ற கம்பெனி ஒன்றிரண்டுதான், ஆனால் வாயளவு கெட்ட ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. கெட்டதை அன்றே ஒதுக்கிவிடுகிறார். அடித்து முறுக்கும் இயந்திரத்தில் மாட்டும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டுகளைப் பற்றி அவர் சொன்னதை நானும் கண்டேன். அவற்றில் குரோம் கிடையாது. எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் காவல். துறைமுகத்தில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செம்மண் நிறமாகிவிடும்.

நான் செய்வது இவ்வளவுதான். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்துவிட்டு, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை. வியர்வையும் உப்புதான். இரும்புப் பெட்டியின் அடியில் சணல் சாக்கு போடாதீர்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கருவிகளை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன்.

வாங்குவது எங்கே என்றால், 2017 ஜூலைக்கு முன்பு வரி வித்தியாசத்தை நம்பிப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவோம். ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. இப்போது புதுச்சேரிக்குப் போவது சரக்கு வகைக்காக மட்டும். டபாரியா, ஸ்டான்லி போன்றவை கடலூரிலேயே கிடைக்கின்றன. பிரபலக் கம்பெனிகளின் பெயரில் போலியும் நடமாடுகிறது. அசலில் பெயரும் அளவும் எஃகில் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். போலியில் எழுத்து மேலோட்டமாக, நகத்தால் தடவினால் தட்டுப்படாமல் இருக்கும். ரசீது தராத கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

கடைசியாக டார்க் ரெஞ்ச், திருகை எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று நியூட்டன் மீட்டர் கணக்கில் அளக்கும் கருவி. இதை ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் அலுமினிய மரையைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பைக் இன்ஜின் மூடியின் 6 மில்லிமீட்டர் திருகுக்கு 6 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். கடையில் சாதாரணமாகக் காட்டும் அரை அங்குல டார்க் ரெஞ்சில் அளவே அதற்கு மேல்தான் தொடங்கும். கார் சக்கரத்துக்கு அது சரி. பைக்காரர்கள் கால் அங்குல வகையில் 5 நியூட்டன் மீட்டரிலிருந்து தொடங்குவதைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர, அளவை அடி எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அதைக் கொண்டு ஒருபோதும் திருகைக் கழற்றாதீர்கள். கழற்ற ஸ்பேனர் இருக்கிறது.